இளவரசர்கள் எழும் நேரம்

அன்புள்ள ஐயா,

எருசலேம் பற்றிய கட்டுரையில், யூதர்களின் புனிதத் தலமான மேற்குச் சுவருக்கு முன்னால் காலை ஜெபத்துக்கு நின்ற கூட்டம் சூரியன் எழும் நொடியில் சட்டென மௌனமானதாக எழுதியிருந்தீர்கள். நியூயார்க்கில் என்னோடு வேலை செய்யும் யூத நண்பரோ எட்டரைக்கு மேல்தான் ஜெபிக்கப் போகிறார். கேட்டால் "இன்னும் நேரம் இருக்கிறது" என்கிறார். இதில் எது சரி?

கே.

அன்புள்ள கே.,

இரண்டும் சரிதான். சுவரின் முன் நின்றவர்கள் செய்தது உத்தமம், உங்கள் நண்பர் செய்வது அனுமதிக்கப்பட்டது.

காலை ஜெபத்தில் 'இஸ்ரயேலே கேள்' என்று தொடங்கும் ஷெமா ஒன்று. அதன்பின் நின்றபடி முணுமுணுப்பாகச் சொல்லும் அமிதா இன்னொன்று. இரண்டுக்கும் எல்லைகள் வேறு. சூரியோதயத்துக்குச் சற்று முன் ஷெமாவை முடித்து, உதயத்தோடு அமிதாவைத் தொடங்குவது பழைய பக்திமான்களின் வழக்கம். நான் பார்த்த மௌனம் அதுதான்.

ஷெமாவை எப்போது தொடங்கலாம்? நீலத்தையும் வெள்ளையையும் பிரித்தறிய முடிகிறபோது என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. அதை விரித்து விவாதிக்கும் தல்மூத்தில் இந்தப் பேச்சு இன்னும் நீள்கிறது. ஓநாயையும் நாயையும் வேறுபடுத்த முடிந்தால் என்கிறார் ஒருவர், கழுதையையும் காட்டுக்கழுதையையும் என்கிறார் மற்றொருவர். ஓரளவு பழகியவர் நான்கு முழத் தூரத்தில் நின்றால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதே கடைசியில் சட்டமாக நிலைத்தது. கடிகாரம் இல்லாத காலம், கண்தான் அளவு.

முடிவு எல்லை எனக்கு இன்னும் பிடித்தது. சூரியோதயத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்றார் ரப்பி (யூத மத ஆசான்) எலியேசர். ரப்பி யோசுவா, மூன்றாம் மணி வரை ஓதலாம் என்றார். அவர் சொன்ன காரணம், ராஜகுமாரர்கள் அந்த நேரத்தில்தான் எழுவார்களாம்! சட்டம் யோசுவாவின் பக்கம் நின்றது. ஷெமாவை ஓத வேதம் சொல்வது 'எழும் வேளை'; தாமதமாக எழுபவனை அந்தக் கணக்கிலிருந்து சட்டம் தள்ளிவிடவில்லை. அமிதாவுக்கு நான்காம் மணி வரை அவகாசம். அதையும் விட்டவர் நடுப்பகல் வரை சொல்லலாம், ஆனால் உரிய நேரத்தில் ஜெபித்த பலன் கிடைக்காது.

இந்த 'மணி' நம் கடிகார மணி அல்ல. பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. எருசலேமில் குளிர்காலத்தில் அது சுமார் 50 நிமிடம், கோடையில் 70 நிமிடத்துக்குச் சற்று மேல். சரி, பகல் எங்கே தொடங்குகிறது? 17ஆம் நூற்றாண்டில் போலந்தில் வாழ்ந்த ஆபிரகாம் கோம்பினர் வைகறையிலிருந்து இரவு கவியும் வரை எண்ணினார். 18ஆம் நூற்றாண்டில் வில்னா காவோன் (வில்னா நகரின் பேரறிஞர்) எனப்படும் எலியா, உதயம் முதல் அஸ்தமனம் வரை எண்ணினார். வைகறையை உதயத்துக்கு 72 நிமிடம் முன்பு என்று வைத்தால், முதல் கணக்கில் ஷெமாவின் கெடு 36 நிமிடம் முந்திவிடும். இன்றும் பல ஜெப ஆலயங்களின் கால அட்டவணையில் இரண்டு நேரங்களையும் அச்சிடுகிறார்கள்.

உங்கள் நண்பருக்குக் குளிர்காலத்தில் கவலையில்லை. ஜூன் மாதம்தான் சிக்கல். அப்போது நியூயார்க்கில் சூரியன் ஐந்தரைக்கு முன்பே எழுந்துவிடும். காவோன் கணக்கில் ஷெமாவுக்கு 9.10 வரை நேரமுண்டு, கோம்பினர் கணக்கில் 8.35க்கே முடிந்துவிடும். அந்த நாட்களில் பலர் வீட்டிலேயே ஷெமாவை மட்டும் தனியாக ஓதிவிட்டு, மற்ற ஜெபத்துக்கு நிதானமாக ஆலயம் போவதுண்டு. அவரும் அப்படித்தானா என்று கேட்டுப் பாருங்கள்.