28 வயதுக்கு முன் ஐரோப்பா: கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி:

எனக்கு வயது 27. பெங்களூருவில் மென்பொருள் வேலை. கைக்கு வரும் சம்பளம் 68,000 ரூபாய். வாடகை, சாப்பாடு, மற்ற செலவெல்லாம் சேர்த்து 26,000 ஆகிறது. ஊரில் அம்மா அப்பாவுக்கு 12,000 அனுப்புகிறேன். மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி.க்கு 10,000 போகிறது. மீதி சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கும்.

போன மே மாதம் முதுகில் ஒரு பையோடு தனியாக ஐரோப்பா போய்வந்தேன். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, புடாபெஸ்ட், வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம் என்று 21 நாளில் 10 ஊர். மொத்தம் 3,60,000 ரூபாய் ஆனது. செலவுக் குறிப்பேட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் ஏதேதோ எழுதி வைத்திருப்பேன், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

மறுபடியும் போக வேண்டும், இந்த முறை 45 நாள். வரும் ஜூனில் எனக்கு 28 முடிகிறது. அதன் பிறகு, பல ஐரோப்பிய நாடுகளில் செல்லும் யூரெயில் ரயில் பாஸில் இளையோர் சலுகை கிடையாது என்பதால் மே மாதமே கிளம்ப நினைக்கிறேன். 6,50,000 ஆகும் என்பது என் கணக்கு. சேமிப்புக் கணக்கில் 2,50,000 இருக்கிறது. மீதி 4,00,000 ரூபாய்க்கு 14 சதவீத வட்டியில் 3 வருடத் தனிநபர் கடன் தர வங்கி தயாராக இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் 3,80,000 இருக்கிறது, அதை எடுக்கலாமா என்றும் யோசனை. 45 நாள் விடுப்பு சம்பளத்தோடு கிடைத்துவிடும். மார்ச்சில் 55,000 போனஸ் வரும். அம்மா, தன் நகையை வைத்துக் கொள்ளச் சொல்கிறார். எது சரி?

பதில்:

மூன்றுமே வேண்டாம். ஆனால் பயணம் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. போங்கள், 45 நாளும் போங்கள். மாற்ற வேண்டியது மாதத்தையும் வழித்தடத்தையும்தான்.

முதலில் உங்களை அவசரப்படுத்தும் அந்தப் பிறந்தநாளைப் பார்ப்போம். பாஸ் செல்லத் தொடங்கும் நாளில் 27 வயதுக்குள் இருந்தால் யூரெயிலில் சுமார் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, அது உண்மை. கணக்குக்கு, இரண்டு மாதத்துக்குள் 15 நாள் பயணிக்கும் பாஸை எடுத்துக்கொள்வோம். அதில் இளையோருக்கும் பெரியவர்களுக்கும் உள்ள வித்தியாசம் 150 யூரோவைத் தாண்டாது. யூரோவை 105 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் (விலை தினமும் ஆடும், கணக்குக்காகத்தான் இது) 15,000 ரூபாய்ச் சொச்சம். உங்கள் கடனுக்கு மாதம் 13,670 ரூபாய் இ.எம்.ஐ., மூன்று வருடத்தில் வட்டி மட்டும் 92,000. பதினைந்தாயிரத்தை மிச்சப்படுத்தத் தொண்ணூற்றிரண்டாயிரம் கட்டுவதற்கு நான் எப்படித் தலையாட்டுவது?

போதாக்குறைக்கு அந்த பாஸ் உங்களுக்குத் தேவையே இல்லை. அதைச் சொல்வதற்கு உங்கள் குறிப்பேட்டின் ஓரம்தான் எனக்கு ஆதாரம். கண்டுகொள்ள வேண்டாம் என்றீர்கள். நான் முதலில் படித்ததே அதைத்தான்.

பாரிஸ் பக்கத்தில், லூவ்ர் அருங்காட்சியக நுழைவுச்சீட்டு 32 யூரோ என்று எழுதி, எதிரே 'மோனாலிசாவைப் பார்க்கவில்லை, மோனாலிசாவைப் படம் பிடிக்கும் செல்போன்களைப் பார்த்தேன்' என்று போட்டிருக்கிறீர்கள். (2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு அந்த விலை. அதற்கு முன் 22 யூரோதான்.) அன்று மாலையே சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி சீன் நதிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டதற்கு 6 யூரோ. அதற்கு எதிரே ஒரு பக்கம் முழுக்க எழுத்து.

பெர்லினில் டெம்பெல்ஹோஃப். 2008-ல் மூடப்பட்ட விமான நிலையம் 2010 முதல் பொதுப் பூங்கா, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஓடுபாதையில் சைக்கிள் ஓட்டும் குழந்தைகளையும் பட்டம் விடும் தாத்தாக்களையும் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்திருக்கிறீர்கள். பிராகில் விடிவதற்கு முன் எழுந்து சார்ல்ஸ் பாலத்தில் ஆளில்லாமல் நடந்தது. புடாபெஸ்டில் டான்யூப் கரையோரம் இரும்பில் வார்த்து வைத்த காலணிகள்: அங்கே நிறுத்திச் சுட்டு ஆற்றில் தள்ளப்பட்ட யூதர்களின் நினைவாக 2005-ல் வைத்தவை. 'ஒரு குழந்தைச் செருப்பு. அதற்கு மேல் நடக்க முடியவில்லை' என்று ஒரே வரி. ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தில் பெட்டிக்குள் நாணயம் போட்டால் காரவாஜியோவின் ஓவியத்தின் மேல் கொஞ்ச நேரம் விளக்கு எரியும். அது அணைந்ததும் அடுத்து யார் காசு போடுவார்கள் என்று முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றதை எழுதியிருக்கிறீர்கள். படிக்கிற எனக்கே சிரிப்பு வந்தது.

இப்போது மறுபக்கம். வெனிஸ்: 'வந்தேன், நடந்தேன், கால் வலித்தது, கிளம்பினேன்.' வெனிஸில் இரவு தங்காமல் பகலில் வந்துபோகிறவர்களுக்குச் சீசனில் சில குறிப்பிட்ட நாள்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. நீங்கள் கட்டியது 10. பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் ரயில் நிலைய லாக்கர் கட்டணம் மட்டும்தான் இருக்கிறது, ஊரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வியன்னாவில் இரவு பதினொன்றரைக்கு இறங்கி, பயந்துபோய் டாக்ஸி. ஃப்ளாரன்ஸில் எல்லாம் நிறைந்துபோய், 95 யூரோவுக்கு ஜன்னலில்லாத ஓர் அறை.

தொகைகளையும் வகைப்படுத்திப் பார்த்தேன். விமானம் 62,000, விசாவும் காப்பீடும் 15,000, தங்கியது 82,000, சாப்பாடு 48,000, நுழைவுச்சீட்டுகள் 27,000, ரயிலும் பஸ்ஸும் 78,000, 'மற்றவை' 48,000. ஒன்பது முறை ஊர் மாறியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் கடைசி நேர ரயில் டிக்கெட், லாக்கர், நிலையத்தில் விலை கூடிய சாப்பாடு, கழிப்பறைக்கு ஒரு யூரோ, இரவு டாக்ஸி. 'மற்றவை'யில் பெரும்பகுதி இப்படிப் போனதுதான். ஐரோப்பாவில் இருப்பதற்கு நீங்கள் அதிகம் செலவழிக்கவில்லை. ஊர் விட்டு ஊர் ஓடியதற்குத்தான் செலவழித்தீர்கள். ஓடிய நாள்களைப் பற்றித்தான் குறிப்பேட்டில் நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லை.

யூரெயில் பாஸ் அடிக்கடி ஊர் மாறுகிறவர்களுக்கானது. அப்போதும் பிரான்சின் டி.ஜி.வி., இத்தாலி, ஸ்பெயினின் அதிவேக ரயில்களில் பாஸுக்கு மேல் இருக்கை முன்பதிவுக்குத் தனிப் பணம் கேட்பார்கள். 45 நாளில் ஐந்தே முறை ஊர் மாறினால், முன்கூட்டி எடுக்கும் சாதாரண டிக்கெட்டே மலிவு. பாஸ் வேண்டாம் என்றால் ஜூன் கெடு போயிற்று. கெடு போனால் கடனுக்கு வேலை இல்லை. செப்டம்பரில் போங்கள், இன்னும் 11 மாதம் இருக்கிறது.

உங்கள் குறிப்புகளை வைத்து நான் போட்டுப் பார்த்த வழி இது: பிராக் 8 இரவு, கிராக்கோவ் (போலந்து) 9, புடாபெஸ்ட் (ஹங்கேரி) 12, லுப்லியானா (ஸ்லோவேனியா) 5, போலோனியா (இத்தாலி) 4, ரோம் 6. போகும் விமானம் பிராகுக்கு, திரும்புவது ரோமிலிருந்து. போலந்திலும் ஹங்கேரியிலும் ஹாஸ்டல் படுக்கை ரோமில் கொடுப்பதில் பாதிக்குள் கிடைக்கும். அதனால்தான் அங்கே அதிக நாள். சராசரி 25 யூரோ என்று 44 இரவுக்கு 1,15,500 ரூபாய். சாப்பாடு நாளுக்கு 18 யூரோ, சமையலறை உள்ள ஹாஸ்டலாகப் பார்த்து எடுத்தால் இது தாராளம், 85,000. ஐந்து பயணங்களுக்கு 220 யூரோ, அதாவது 23,000. உள்ளூர் டிராம், மெட்ரோ, நுழைவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் 350 யூரோ, 37,000. விமானம் 65,000. விசா, காப்பீடு 16,000. எதிர்பாராததற்கு 300 யூரோ, 31,500. எல்லாம் கூட்டினால் 3,73,000. போன முறை 21 நாளுக்கு ஆனதைவிடக் கொஞ்சம்தான் கூட.

அந்த 300 யூரோவைக் குறைக்காதீர்கள். தனியாகப் போகும் பெண்ணுக்கு ராத்திரி டாக்ஸி, பிடிக்காத அறையிலிருந்து உடனே வேறு இடத்துக்கு மாறுவது, இதற்கெல்லாம் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்கப் பணம் இருக்க வேண்டும். பெண்களுக்கான தனி டார்மிட்டரி நாலைந்து யூரோ கூட என்றால் அதையே எடுங்கள். ரயிலையும் இருட்டுவதற்கு முன் போய்ச் சேருவதாகப் பாருங்கள்.

சரி, 3,75,000 எங்கிருந்து வரும்? சேமிப்புக் கணக்கில் இருக்கும் 2,50,000 முழுவதையும் பயணப் பணம் என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கென்று வேறு அவசரநிதி இல்லை. வேலை போனாலும் வாடகையும் வீட்டுக்கு அனுப்புவதும் நிற்காது, மாதம் 38,000. நான்கு மாதத்துக்கான 1,50,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். வழக்கமாக ஆறு மாதம் என்பேன், மியூச்சுவல் ஃபண்ட் பின்னால் இருப்பதால் நான்கோடு விடுகிறேன். ஃபண்டைத் தொட வேண்டாம் என்பதற்கும் அதுதான் காரணம். மீதி 1,00,000. எஸ்.ஐ.பி. போக மாதம் 20,000 மிஞ்சுகிறது, 11 மாதத்தில் 2,20,000. போனஸ் 55,000. கணக்கு சரியாகிவிட்டது. போனஸ் வரவில்லையா? 45 நாளை 35 ஆக்குங்கள். அங்கே ஒரு நாள் ஏறத்தாழ 5,000 ரூபாய், பத்து நாள் குறைத்தால் அந்தத் துண்டு அடைபடும்.

மாதம் 20,000 சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி.க்கோ லிக்விட் ஃபண்டுக்கோ போய்விடட்டும். 11 மாதப் பணத்தைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள்.

கார்டு விஷயம். உங்கள் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 4.13 சதவீதம். 2,00,000 ரூபாய் தேய்த்தால் 8,260 சத்தமில்லாமல் போகும். இந்தக் கட்டணம் இல்லாத கார்டுகள் இருக்கின்றன, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். யூரோ ஏற்றிய ஃபோரெக்ஸ் கார்டு இந்த வழித்தடத்துக்கு அவ்வளவு பொருந்தாது. செக் நாட்டில் கொருனா, போலந்தில் ஸ்லோட்டி, ஹங்கேரியில் ஃபோரிண்ட் என்பதால் மாற்றுக் கட்டணம் மறுபடி விழும். கடையிலோ ஏ.டி.எம்.மிலோ 'ரூபாயில் கட்டுகிறீர்களா' என்று திரையில் கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்ததுதான் விலை.

டூர் பேக்கேஜில் போனால் நிம்மதி என்று உங்கள் சித்தப்பா சொன்னதாக ஒரு பின்குறிப்பு பார்த்தேன். பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், வருமான வரி ரிட்டர்னில் கணக்குக் காட்டித்தான் திரும்பப் பெற வேண்டும். நீங்களே கார்டில் பணம் ஏற்றிக்கொண்டு போனால் வருடத்துக்கு 10,00,000 ரூபாய் வரை அது இல்லை. அதைவிட, பேக்கேஜில் போனால் எட்டு நாளில் ஏழு ஊர். உங்களுக்கு அது ஆகாது.

அம்மாவின் நகை வீட்டிலேயே இருக்கட்டும். உடல்நலம், படிப்பு என்றால் யோசிக்கலாம். ஊர் சுற்ற அடகுக் கடை வாசலை மிதிக்க வேண்டாம்.

கடன் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விசாவுக்குச் சில மாத வங்கி அறிக்கை கொடுக்க வேண்டும். திடீரென்று விழுந்த 4,00,000 ரூபாய் அதில் துருத்திக்கொண்டு நிற்கும், அது கடன் என்றும் தெரியும். மாதாமாதம் ஏறும் சேமிப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கேட்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் ஹங்கேரி 12 இரவு, இத்தாலி 10, ஆகவே ஹங்கேரி. ரோமில் மூன்று நாள் கூட்டினீர்கள் என்றால் இத்தாலி ஆகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் 90 யூரோ, சேவை மையத்தின் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், பாஸ்போர்ட் தொலைந்தால் உதவுவதையும் சேர்த்து எடுங்கள். மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு அடுத்து 2 ஆண்டு பல்முறை விசா தரலாம் என்று 2024 ஏப்ரலில் விதி வந்திருக்கிறது, இந்தப் பயணம் உங்களுக்கு இரண்டாவது. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கோடையில் நேரம் கிடைப்பது கஷ்டம், அதனால் போனஸ் வந்த கையோடு ஏப்ரலிலேயே தேதி பாருங்கள். விமான டிக்கெட்டும் அப்போதே, ஆனால் விசா கிடைக்காவிட்டால் ரத்து செய்ய வசதி உள்ளதாக.