கேளுங்க, சொல்றோம்: புது ஊருக்கு வர்றவங்க போன்ல எதைத் தேடணும்?

அண்ணே, என் அண்ணன் மகன் புதுக்கோட்டையிலேர்ந்து கேஎல்லுக்கு, அதான் கோலாலம்பூருக்கு, வேலைக்கு வரப் பாக்குறான். ஏஜென்ட் ஒன்றரை லட்சம் ரூபா கேக்குறாரு, "டூரிஸ்டா உள்ள வந்துரு, அப்புறம் பர்மிட் போட்டுக்கலாம்"ங்கிறாரு. நெட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எதை நம்புறது?
- வாசகி, பட்டர்வொர்த்

காசு இன்னும் கொடுக்கலைன்னா கொடுக்க வேணாம்னு முதல்ல போன் போட்டுச் சொல்லிருங்கம்மா, மத்ததை அப்புறம் பேசுவோம். 2023 டிசம்பர் 1-லேர்ந்து இந்தியாக்காரங்க மலேசியாவுக்கு விசா இல்லாம 30 நாள் வந்து போகலாம்னு ஆனதும் இந்த "உள்ள வந்துரு" பேச்சு ரொம்ப ஜாஸ்தியாயிருச்சு. அது சுத்திப் பாக்குறதுக்கு. அதுல வந்து வேலை செஞ்சா இமிகிரேஷன் பிடிக்கிறது பையனைத்தான், ஏஜென்ட்டை இல்ல.

அவன் பாக்க வேண்டிய முதல் இடம் இ-மைகிரேட், இந்திய வெளியுறவு அமைச்சோட தளம். ஏஜென்ட் பேரைப் போட்டுத் தேடினா பதிவு இருக்கா, லைசென்ஸ் இன்னும் செல்லுமான்னு தெரிஞ்சிரும். பதிவு பண்ண ஏஜென்ட்டே ஒரு ஆள்கிட்ட 30,000 ரூபாயும் அதுக்கு மேல ஜிஎஸ்டியும்தான் சர்வீஸ் சார்ஜா வாங்கலாம், அப்ப ஒன்றரை லட்சம் எந்தக் கணக்குன்னு அவரையே கேளுங்க. பையன் பத்தாவது பாஸ் பண்ணலைன்னா பாஸ்போர்ட் இசிஆர் வகையா, அதாவது சில நாட்டுக்கு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேணும்ங்கிற வகையா இருக்கும், மலேசியாவும் அந்தப் பட்டியல்ல இருக்கிற நாடுதான், வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி அனுமதி வாங்கணும், அதுவும் அதே தளத்துலதான். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸையும் எடுத்துறச் சொல்லுங்க, 2 வருஷத்துக்கு 275 ரூபா, விபத்துல உயிர் போனாலோ நிரந்தரமா ஊனமானாலோ 10 லட்சம் வரைக்கும் கிடைக்கும். இவ்வளவு மலிவா இருந்தும் இதைப் பத்தி ஏஜென்ட்டுங்க வாயே திறக்க மாட்டாங்க.

இங்க வந்த பிறகு, "பத்திரமா வச்சுக்கிறேன்"னு முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வச்சா அது 1966-ஆம் வருஷத்து பாஸ்போர்ட் சட்டப்படி குத்தம். சம்பளத்துல தகராறுன்னா தொழிலாளர் இலாகாவோட வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ் ஆப்புல புகார் போடலாம், இந்தியத் தூதரகத்துக்கு விஷயம் போகணும்னா மதத்னு ஒரு தளம் 2015-லேர்ந்து இருக்கு. யூடியூப் வீடியோவும் பாக்கட்டும், வேணாங்கல, ஆனா கீழ வாட்ஸ்அப் நம்பர் போட்டிருந்தா அது விளம்பரம்னு எடுத்துக்கச் சொல்லுங்க.

அம்மா திருச்சியிலேர்ந்து வர்றாங்க. டிஜிட்டல் அரைவல் கார்டுக்கு ஒரு தளம் 60 வெள்ளி கேக்குது, கட்டணுமா?
- வாசகர், செந்தூல்

ஒரு காசு கட்டாதீங்க, அது இலவசம். 2024 ஜனவரி 1-லேர்ந்து கட்டாயம், வந்து இறங்குறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள இமிகிரேஷன் தளத்துல நீங்களே நிரப்பி விடலாம். முகவரி கவ் டாட் எம்ஒய்னு முடியுதான்னு மட்டும் பாத்துக்குங்க, கூகுள்ல முதல்ல வர்றதைக் கண்ணை மூடிட்டுத் தட்டினா இந்த மாதிரி கடைங்கதான் மாட்டும்.

நான் சென்னைப் பையன், அக்டோபர்ல பாங்சார் சவுத்ல வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளத்துல 30 சதவீதம் வரி பிடிக்கிறாங்க, கம்பெனி ஏமாத்துதா அண்ணே?

இல்ல தம்பி, இங்க ஒரு வருஷத்துல 182 நாள் இருந்தாத்தான் ரெசிடென்ட் கணக்கு, அதுக்குக் கம்மியா இருந்தா நான்-ரெசிடென்ட், சம்பளத்துக்கு நேரா 30 சதவீதம். ஆனா வருஷக் கடைசியில வந்தவங்க அடுத்த வருஷத்துலயும் தொடர்ச்சியா 182 நாளோ அதுக்கு மேலயோ தங்கிட்டா வந்த வருஷத்துக்கும் ரெசிடென்ட்டா எடுத்துக்க சட்டத்துல இடம் இருக்கு, பலபேரு இது தெரியாமலே விட்டுர்றாங்க. வரி இலாகாவோட மைடேக்ஸ் தளத்துல கணக்கைத் திறந்து வைங்க, போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட் சாப்பா பக்கத்தையும் போட்டோ பிடிச்சு வைங்க, நாள் கணக்கு கேட்டா அதைத்தான் காட்டணும்.

வாரக் கடைசி ஆனா ரூம்ல தனியாக் கிடக்கேன். "வெளிநாட்டுல ஜெயிச்சவங்க" வீடியோ பாத்தா இன்னும் சோர்வாயிருது. நல்ல கதை ஏதாவது சொல்லுங்க.
- வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

அந்த வீடியோவுல எல்லாம் கடைசியில கார் காட்டுவாங்க, எனக்கும் பிடிக்காது. நீங்க இருக்கிற ஊருலயே நடந்ததைச் சொல்றேன். யாழ்ப்பாணத்துக்குப் பக்கம் தீவுல 1913-ல பிறந்தவரு தனிநாயகம் அடிகள், ரோம்ல படிச்சு முடிச்ச பாதிரியாரு, ஆனா தமிழை முறையாப் படிக்க அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல சேர்ந்தப்ப வயசு முப்பதைத் தாண்டிருச்சு. 1961-ல மலாயாப் பல்கலைக்கழகத்துல இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவரா வந்தாரு, 1966 ஏப்ரல்ல முதல் உலகத் தமிழ் மாநாட்டை இதே கேஎல்ல நடத்திக் காட்டினாரு. சென்னையில நடந்ததுகூட அதுக்கு அப்புறம்தான், 1968-ல.

இன்னொருத்தரு சுவிட்சர்லாந்துல வேதியியல் விஞ்ஞானியா இருந்த கல்யாணசுந்தரம். 1998 பொங்கலுக்கு மதுரைத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு பண்ணி யாரும் காசில்லாம இறக்கிப் படிக்கிற மாதிரி நெட்ல ஏத்துறது. தட்டச்சு பண்ணவங்க, பிழை திருத்தினவங்க எல்லாம் பல நாட்டுல வேலை பாத்துக்கிட்டே சம்பளம் வாங்காம செஞ்ச தமிழாளுங்க, அதுல உங்கள மாதிரி ஞாயித்துக்கிழமை ரூம்ல தனியா இருந்தவங்களும் கண்டிப்பா இருந்திருப்பாங்க. நீங்களும் ரெண்டு பக்கம் தட்டச்சு பண்ணிக் கொடுக்க முடியுமான்னு அவங்களுக்கு எழுதிக் கேட்டுப் பாருங்க தம்பி, கூடமாட வேலை செய்ய நாலு பேரு கிடைச்சாலும் கிடைப்பாங்க.