3607 பகா எண்தானா? தூங்க முடியவில்லை!

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்குக் கணக்கு என்றால் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். எந்த எண்ணைப் பார்த்தாலும் எதால் வகுபடும் என்று பார்ப்பேன். அதில் ஒரு சுகம். சில மாதங்களாக அந்தச் சுகம் போய்ப் பயம் வந்துவிட்டது.

இப்போது பிடித்திருப்பது 123456789. இலக்கங்களைக் கூட்டினால் 45, அதனால் 9-ஆல் வகுபடும். ஈவு 13717421. இதைப் பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனால், முதல் காரணி கிடைக்க ஐந்நூறு தடவைக்கு மேல் வகுக்க வேண்டும். கணித மேதை ஃபெர்மாவின் வழியில், இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதப் பார்த்தேன். இரண்டாவது முயற்சியிலேயே கிடைத்தது: 3705-இன் வர்க்கத்திலிருந்து 98-இன் வர்க்கத்தைக் கழித்தால் போதும். அந்த இரண்டையும் கழித்தும் கூட்டியும் பார்த்தால் காரணிகள் 3607, 3803. அன்று அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளே 3607 பகா எண்தானா என்று சந்தேகம். 59 வரையுள்ள 17 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்தேன். 43-ஆல் வகுத்து மீதி 38 என்று எழுதிய பிறகும் கை மறுபடி 43-க்கே போகிறது. நடுவில் யாராவது கூப்பிட்டால் 2-லிருந்து ஆரம்பிக்கிறேன். பாதியில் விட்டால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நெஞ்சு அடைக்கிறது. அபத்தம் என்று தெரிகிறது, விட முடியவில்லை. கணினி சொன்னதும் மனதில் ஏறவில்லை. ராத்திரித் தூக்கமே போச்சு. கணக்கையே விட்டுவிட வேண்டுமா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகிக்கு,

விட வேண்டாம். ஃபெர்மா வழியில் அது கிடைத்த கதையைப் படித்து நானும் ரசித்தேன். (இரண்டு காரணிகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். இல்லையென்றால் அந்த வழியும் இழுத்தடித்திருக்கும்.) சிக்கல் 43-ஆல் இரண்டாம் தடவை வகுக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது.

நீங்கள் எழுதியிருப்பதில் ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் சாயல் தெரிகிறது. கடிதத்தை மட்டும் வைத்து முடிவாகச் சொல்ல முடியாது, நேரில் பார்க்க வேண்டும். வகுத்ததும் பயம் கொஞ்சம் தணிகிறது இல்லையா? வம்பே அந்த நிம்மதிதான். வகுத்ததால்தான் அம்மா நன்றாக இருக்கிறார் என்று மனம் பழகிக்கொள்கிறது. அப்புறம் இன்னும் அதிகமாகக் கேட்கிறது. திரும்பத் திரும்பச் சரிபார்க்கும்போது நம் நினைவின் மேலேயே நம்பிக்கை குறைந்துகொண்டு வரும். 3607 பகா எண்தானா என்று நானும் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கு மறுபடி எழுதிக் கேட்பீர்கள்!

இதற்கான சிகிச்சையில், பயம் கிளம்பும் இடத்துக்கு வேண்டுமென்றே போய், வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருக்கப் பழக்குவார்கள். உங்கள் விஷயத்தில் 29 வரை வகுத்துவிட்டு நோட்டை மூடிவைப்பது மாதிரி. பயம் ஏறும், படபடக்கும். அம்மா நலமா என்று உடனே போன் போட்டுப் பார்ப்பதும் சரிபார்ப்புதான், அதுவும் கூடாது. ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் பயம் தானாக இறங்கும் என்பது போகப் போகப் புரியும். ஆனால் தனியாக ஆரம்பிக்காதீர்கள், இந்தச் சிகிச்சையில் பழகிய உளவியலாளர் கூட இருக்கட்டும். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் மருந்தும் தருவார்.

ஆர்எஸ்ஏ-2048 என்று 617 இலக்க எண் ஒன்று உண்டு. அதன் காரணிகளை இதுவரை யாரும் கண்டுபிடித்து வெளியிட்டதில்லை. கணித மேதைகளே அதை அப்படியே வைத்துவிட்டுத்தான் தூங்கப் போகிறார்கள்.

தூக்கம் கெட்டிருப்பதால் உளவியலாளரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். எத்தனை தடவை 2-லிருந்து ஆரம்பித்தீர்கள் என்று வாயால் சொல்வது கஷ்டம், அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.