கோழியைப் பிடிப்பது எது என்று தெரியாமல் வலை வாங்காதீர்கள்

"வீட்டுக்குப் பின்னால் பதினைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஒரு மாதத்தில் ஆறு போய்விட்டது. கீரியா, மரநாயா, பருந்தா என்றே தெரியவில்லை. என்ன செய்தால் இது நிற்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வீடு பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. பதினொரு வருடமாகக் கோழி வளர்க்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த ஆறு கோழியின் வலி எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொன்றும் எந்த அடையில் பொரித்தது, எது எங்கே முட்டையிடும் என்று தெரிந்து வளர்த்த பிறகு, காலையில் இறகு மட்டும் கிடந்தால் மனசு கேட்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான்காம் வருடம், ஒரு மார்கழிக் காலையில் கூண்டைத் திறந்தேன். வழக்கமாகக் கதவைத் தொட்டதும் முண்டியடித்துக்கொண்டு வெளியே வரும். அன்று சத்தமே இல்லை. உள்ளே ஏழு கோழி கிடந்தன. எல்லாவற்றுக்கும் கழுத்தில்தான் கடி. ஒன்றை மட்டும் பாதி தின்றிருந்தது, மற்ற ஆறும் முழுசாகக் கிடந்தன. கதவின் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. தரையில் பள்ளம் இல்லை, வலையில் கிழிசல் இல்லை. என் மாமியார்தான் அண்ணாந்து பார்த்தார். சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே நான்கு விரல் நுழையும் சந்து. தகரத்தின் ஓரத்தில் சாம்பலும் கறுப்புமாக நாலைந்து மயிர் ஒட்டியிருந்தது. கூரைக்கு மேலே ஒரு தென்னை மட்டை தொட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது. மரநாய் மரத்துக்கு மரம் தாவி, மட்டை வழியாகக் கூரையில் இறங்கி, அந்தச் சந்துக்குள் புகுந்திருக்கிறது. "கோழிக்குப் பொழுது சாஞ்சாக் கண்ணு தெரியாது சாமி, எங்க ஓடும்?" என்றார் அத்தை. கீழே மட்டும் பார்த்துப் பார்த்துக் கூண்டு கட்டியது என் தவறு.

அதனால் முதலில் தடயத்தைப் பாருங்கள். பகலில், அதுவும் காலை பத்து, பதினொரு மணிக்கு வேலியோரம் மேய்ந்த கோழி கத்திக்கொண்டே காணாமல் போனால் பெரும்பாலும் கீரி. அது பகலில் வேட்டையாடுவது. மரநாய் இரவில் மட்டும்தான் வரும். காட்டுப்பூனை விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் வரும், பெரும்பாலும் கோழியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தெருநாய் என்றால் நாலைந்தைக் குதறிப் போட்டுவிட்டுத் தின்னாமலேயே போயிருக்கும், இறகு முற்றமெல்லாம் பறக்கும். முட்டை ஓடுகூட இல்லாமல் மாயமானால் பாம்பு. முட்டை உடைந்து ஓடு சிதறிக் கிடந்தால் கீரியையோ காக்கையையோ சந்தேகப்படலாம். செத்த கோழியின் தலையும் கழுத்தும் மட்டும் ஈரமாகப் பிசுபிசுத்திருந்தால், பாம்பு விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். கூண்டோரம் புது மண் தள்ளி வளை தெரிந்தால் பெருச்சாளி. அது குஞ்சுகளை விடாது. ஒன்றும் பிடிபடவில்லையா, கூண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மணலைச் சலித்துத் தூவி விடுங்கள். காலையில் கால்தடம் இருக்கும்.

அப்புறம் கூண்டு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் அறுகோணக் கண் உள்ள கோழிவலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும், பெரிய கண் என்றால் பாம்பும் எலியும் சாதாரணமாக நுழையும். கீழே இரண்டடி உயரத்துக்காவது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பிவலை போடுங்கள். விலை கூடத்தான். ஆனால் ஒரு முறை போட்டால் பல வருடம் நிற்கும். அதே மெஷ்ஷை ஓரடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்க வைத்து, மேலே மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள். தோண்டும் பிராணி சுவரோரம்தான் தோண்டத் தொடங்கும். இரண்டு அங்குலத்தில் கம்பி தட்டுப்பட்டதும் விட்டுவிடும். ஓரடி பின்னால் தள்ளி நின்று தோண்ட அதற்குத் தோன்றாது. எங்கள் கூண்டில் இதைச் செய்த பிறகு ஒரு வளைகூட உள்ளே வரவில்லை.

மேலே கூரைச் சந்து முழுவதையும் அடையுங்கள். காற்றுக்கு வழி வேண்டும் என்பதால் பலகையால் அல்ல, மெஷ்ஷால். கூரையைத் தொடும் கிளை, மட்டை எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். கதவுக்குக் கயிறு கட்டுவதை விட்டுவிட்டு இரும்புத் தாழ்ப்பாள் போடுங்கள். இவ்வளவும் செய்துவிட்டு, ஆறு மணிக்குள் கோழிகளை எண்ணி அடைக்காவிட்டால் எல்லாம் வீண். எண்ணுவது முக்கியம். ஒன்று குறைந்தால் அது புதரில் அடை உட்கார்ந்திருக்கும். இரவில் முதலில் போவது அதுதான்.

பருந்து விஷயம் வேறு. கரும்பருந்து வளர்ந்த கோழியைத் தொடுவது அரிது. அதன் கண் குஞ்சின் மேல். பொரித்த முதல் ஒரு மாதம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்குள், அதாவது கவிழ்த்து மூடும் மூங்கில் கூடைக்குள் வைத்துத் தீனி போடுவதுதான் நம் ஊர்ப் பழைய வழி. இன்னும் அதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. வெளியே விட்ட பிறகு, பழைய மீன்வலையை மேய்கிற இடத்துக்கு மேலே கட்டலாம். பக்கவாட்டையும் மறந்துவிடாதீர்கள், வல்லூறு மரங்களுக்கு ஊடே தாழப் பறந்து பக்கத்திலிருந்தும் வரும். வலை கட்ட முடியாதவர்கள் காய்ந்த தென்னை மட்டைகளை இரண்டிரண்டாகச் சாய்த்து முற்றத்தில் அங்கங்கே வையுங்கள். எங்கள் சாம்பல் பெட்டை ஒரு நாள் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்து, தொண்டைக்குள் 'கெர்ர்ர்' என்று ஒரு சத்தம் கொடுத்தது. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்பது குஞ்சும் மட்டைக்கு அடியில். அது மட்டும் வெளியே நின்று இறகைச் சிலிர்த்து விரித்துக்கொண்டு பருந்தை எதிர்த்தது. ஒளிய ஓர் இடம் கொடுத்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். இரண்டு கின்னிக்கோழியும் சேர்த்து வளர்த்தால் நல்லது. புதிதாக எது வந்தாலும் ஊரே கேட்கும்படி கத்தும்.

பாம்புக்குப் பூண்டு, பினாயில் என்றெல்லாம் சொல்வார்கள். நான் இரண்டையும் தெளித்துப் பார்த்தேன். மறுநாளே சாரைப்பாம்பு முட்டைக் கூடையில் சுருண்டிருந்தது. பாம்பு பெரும்பாலும் எலிக்குத்தான் வருகிறது, எலி சிந்திய தீனிக்கு வருகிறது. அதனால் மாலையில் தீனித் தட்டை எடுத்து வையுங்கள், மதியமே முட்டையை எடுத்துவிடுங்கள். இருட்டான முட்டைக் கூடைக்குள் டார்ச் அடித்துப் பார்க்காமல் ஒருபோதும் கையை விடாதீர்கள். நல்ல பாம்பும் முட்டைக்கு வரும். கண்டால் அடிக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். செத்த கோழிக்குள் குருணை மருந்து (வயலுக்குப் போடும் பூச்சிக்கொல்லி விஷம்) வைப்பது, வேலியில் நேரடி மின்சாரம் விடுவது, சுருக்கு வைப்பது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கீரி, மரநாய், காட்டுப்பூனை, சாரை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. பிடிப்பதும் கொல்வதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், எங்கள் பக்கத்துத் தோப்பில் மரநாய்க்கு வைத்த மருந்தைத் தின்று செத்தது அவர்களுடைய சொந்த நாய். மின்வேலியில் விடிகாலையில் முதலில் கை வைப்பது பால் கறக்கப் போகும் மனுஷராகவும் இருக்கலாம். ஒன்றைக் கொன்றாலும் காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். சந்து அடைபடும் வரை வந்துகொண்டேதான் இருக்கும்.

நீங்கள் மீதி ஒன்பது கோழி வைத்திருக்கிறீர்கள். முழுக் கூண்டு கட்ட நாளாகும் என்றால் இன்று இரவுக்கு அவற்றை வீட்டுத் திண்ணையிலோ கதவுள்ள ஓர் அறையிலோ பஞ்சாரம் போட்டு மூடி, மேலே கனமான கல் வையுங்கள். கூண்டைச் சுற்றி மணலைத் தூவி விடுங்கள். காலையில் விழும் தடத்தைப் படம் எடுத்து இங்கே போட்டால், எது என்று பார்த்துச் சொல்கிறேன்.