லூதரும் மறுமலர்ச்சியும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மறுமலர்ச்சி ஓவியம், சிற்பம் பற்றியது, ஜெர்மன் துறவி லூதர் தொடங்கிய சீர்திருத்தம் சபைச் சண்டை. பாடநூலில் இரண்டும் ஏன் சேர்ந்தே வருகின்றன?

பதில்: இரண்டையும் இணைப்பது மூலநூலைத் தேடிப்போகும் பழக்கம். இத்தாலிய அறிஞர்கள் பழைய சுவடிகளைத் திரட்டி, ஒப்பிட்டு, பிழை களைந்தார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்கு நாடுகளைப் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்ததாக ஓர் ஆவணம் உலவியது. அது போலி என்று 1440-இல் இத்தாலிய அறிஞர் லோரென்சோ வல்லா நிறுவினார். அதன் லத்தீன் நடை 4-ஆம் நூற்றாண்டுக்கு உரியதல்ல. கான்ஸ்டான்டிநோபிள் தலைநகராக எழும் முன்பே அந்நகருக்கு ஆயர்பீடம் இருப்பதாகவும் அந்த ஆவணம் சொல்லிவிடுகிறது. நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ் இதே கண்ணோடு விவிலியத்தை அணுகி, 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பாசல் நகரில் அச்சிட்டார். அதன் 1519 பதிப்பை வைத்துத்தான் லூதர் புதிய ஏற்பாட்டின் ஜெர்மன் மொழிபெயர்ப்பைச் செய்தார். 1522 செப்டம்பரில் வெளிவந்தது. மறுமலர்ச்சியின் புலமை இல்லையென்றால் லூதருக்குக் கருவியே இல்லை என்பேன்.

கேள்வி: பாவமன்னிப்புச் சீட்டு என்பது காசு கொடுத்தால் சொர்க்கம் என்பதுதானே?

பதில்: தேர்வில் அப்படி எழுதாதீர்கள். திருச்சபையின் போதனைப்படி, குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் குற்றம் மன்னிக்கப்படும். ஆனாலும் தண்டனை மிச்சமிருக்கும். அதை இம்மையிலோ, இறந்தபின் ஆன்மா தூய்மையாகும் உத்தரிக்கும் ஸ்தலத்திலோ தீர்க்க வேண்டும். சீட்டு குறைப்பது அந்த மிச்சத்தை. 1476-இல் இறந்தவர்களின் ஆன்மாக்களுக்கும் இது நீட்டிக்கப்பட்டது. விற்பனை சூடுபிடித்தது அதன் பிறகுதான்.

1517 விற்பனையில் பணம் போன வழியையும் பாருங்கள். மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் பதவிக்காக ஃபுக்கர் வங்கியில் பெருங்கடன் பட்டிருந்தார். வசூலில் பாதி ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்கு, பாதி அந்தக் கடனுக்கு. சாக்சனியில் இளவரசர் பிரெடெரிக் விற்பனையை அனுமதிக்கவில்லை; அங்கே லூதர் இருந்த விட்டன்பர்க் நகர மக்கள் எல்லை தாண்டிப்போய் வாங்கினார்கள். சீட்டு கையில் இருந்தால் மனந்திரும்பத் தேவையில்லை என்று அவர்கள் நம்பியதுதான் லூதரைச் சுட்டது.

கேள்வி: இந்தச் சீட்டுக்கு எதிரான தம் 95 கருத்துரைகளை லூதர் ஆலயக் கதவில் ஆணியடித்தது உண்மையா?

பதில்: லூதர் தம் எழுத்தில் எங்கும் அப்படிச் சொல்லவில்லை. 1517 அக்டோபர் 31 அன்று ஆல்பிரெக்டுக்குக் கருத்துரைகளை இணைத்து அவர் எழுதிய கடிதம்தான் உறுதியான சான்று.

கேள்வி: லூதருக்கு முன்பே திருச்சபையைக் கண்டித்த பொஹீமியாவின் யான் ஹுஸை எரித்தார்கள். லூதர் மட்டும் எப்படித் தப்பினார்?

பதில்: ஜெர்மன் அரசர் சிகிஸ்மண்ட் தந்த பாதுகாப்புக் கடிதத்தை நம்பிப்போன ஹுஸ் 1415-இல் கான்ஸ்டன்ஸில் எரிக்கப்பட்டார். லூதருக்குப் பின்னால் பிரெடெரிக் நின்றார். 1521-இல் லூதரை விசாரித்த வோர்ம்ஸ் பேரரசு மன்றம் முடிந்ததும் அவரை வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்துவைத்தார். பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்குப் பிரான்சோடும் துருக்கியரோடும் போர். ஜெர்மன் இளவரசர்களைப் பகைக்க முடியாத நிலை. ஹுஸ் காலத்தில் இல்லாத அச்சகமும் இப்போது இருந்தது. லூதரின் ஜெர்மன் துண்டறிக்கைகளை ஊர் ஊராக மறுபதிப்பு செய்தார்கள், எரித்துத் தீர்க்க முடியாத அளவுக்கு.

கேள்வி: சீர்திருத்தவாதிகள் ஏன் ஒன்றாக நிற்கவில்லை?

பதில்: 1529-இல் மார்பர்க்கில் லூதரும் சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்லியும் நேரில் பேசினார்கள். 15 கூறுகளில் 14-இல் உடன்பாடு. நற்கருணை அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே உள்ளதா என்ற ஒன்றில் முறிந்தது. பேரரசில் மதச் சண்டையை நிறுத்த வந்த 1555 ஆக்ஸ்பர்க் உடன்படிக்கையும் கத்தோலிக்கருக்கும் லூதரன்களுக்கும் மட்டுமே இடம் தந்தது; மற்றொரு சீர்திருத்தவாதியான கால்வினின் வழியினர் 1648 வரை காத்திருந்தார்கள்.