கைக்குழந்தைக்குச் சளி: தேன் கொடுக்கலாமா?

கேள்வி: ஜனவரிக் குளிரில் என் ஆறு வயது மகனுக்கும் எட்டு மாதக் குழந்தைக்கும் சளி பிடித்து நான்கு நாள்களாகின்றன. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், சுக்குக் கஷாயத்தில் தேன் கலந்து இருவருக்கும் கொடுத்து, ஆவியும் பிடிக்கச் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, மயூர் விஹார், தில்லி

பதில்: முதலில் கைக்குழந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்யும் போட்டுலிசம் என்னும் நோயைத் தரலாம். கஷாயமும் கற்பூரத் தைலமும் வேண்டாம். மூக்கடைப்பால் பால் குடிக்கத் திணறினால், மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டை மூக்கில் விட்டு, சற்றுப் பொறுத்துப் பால் கொடுங்கள்.

மகனுக்கு மாமியாரின் கைப்பக்குவம் தாராளமாகப் பொருந்தும். காரம் குறைத்த கஷாயமும் மிளகு ரசமும் தொண்டைக்கு இதமளிக்கும். படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி தேன் இரவு இருமலைத் தணிக்கும். ஆனால், போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்து ஆவி பிடிக்க வைக்காதீர்கள்; அது கவிழ்ந்து தொடை வெந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிக் குளிர்காய்வதும் உயிருக்கே ஆபத்து.

சளி வைரஸால் வருவது; ஆன்டிபயாடிக் அதற்குப் பயன்படாது. பெரும்பாலும் 7 முதல் 10 நாள்களில் தானே அடங்கிவிடும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சிழுக்கும்போது விலாப்பகுதி உள்வாங்கினாலோ, விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.