ஏற்காடு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆட்சியர் காக்பர்னின் பெயரைச் சூட்ட முடியுமா?

1820-களில் சேலம் ஆட்சியராக இருந்து சேர்வராயன் மலையில் காபிப் பயிரை ஊக்குவித்த காக்பர்னின் பெயரை, ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குச் சூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சூட்டலாம். ஆனால், நிலையம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குவதால், கோரிக்கையைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்ப வேண்டும். அதே மலையிலுள்ள ஆர்க்கிட் பூங்காவோ இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்துடையது என்பதால், அதன் பெயரை மாற்ற மத்திய அரசைத்தான் அணுக வேண்டியிருக்கும்.

இப்படிப் பெயர் சூட்டியதற்குச் சேலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1986-இல் தொடங்கிய சேலம் அரசு மருத்துவக் கல்லூரி, 1973-இல் விமான விபத்தில் மறைந்த மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது; குமாரமங்கலம் அன்றைய சேலம் மாவட்டத்து ஊர் என்பதால் பெயர் மண்ணோடு ஒட்டியது. இருந்தும், அதன் மருத்துவமனைக்குப் போகப் பேருந்தில் ஏறுபவர் "ஜி.எச். ஒண்ணு" என்றுதான் சீட்டு கேட்கிறார் (நானும் அப்படித்தான்). ஆகவே, பலகையில் 'ஏற்காடு' என்ற சொல்லை விட்டுவிடாமல் காக்பர்னின் பெயரைச் சேர்க்கும்படி கேட்பதே நல்லது.